அடுத்த மேட்ச் முடிஞ்சதும்

ஜூன் 4

குட்டி அம்மாவுக்கு,

போன்ல பேசினா ரெண்டு வார்த்தை தாண்டறதுக்குள்ள சண்டை வந்துடுது. போன ஞாயித்துக்கிழமை நீ பாதியில வெச்சுட்டே. அதுக்கப்புறம் எடுக்கவும் இல்லை. "எழுதச் சொல்லு, படிக்கிறேன்"னு குட்டிகிட்ட சொன்னியாம். சரி, எழுதறேன். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதுதான் கடைசி. கையெழுத்து அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, அதனால இப்போ குறை சொல்லாதே.

வீடு கிடைச்சுடுச்சு. மாடி வீடு, ரெண்டு ரூம், தனிச் சமையல்கட்டு. கீழே வீட்டுக்காரம்மா மட்டும். ரிட்டயரான டீச்சர். படியில செருப்புச் சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பாங்க, மத்தபடி தங்கமானவங்க. ஜன்னலைத் திறந்தா கப்பல் பட்டறையோட கிரேன் தலை தெரியும். இத்தனை நாளா வெல்டரோட ஒரே ரூம்ல கிடந்தேன். பகல்ல அவன் வெல்டிங் சத்தம், ராத்திரி அவன் குறட்டைச் சத்தம். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிடுச்சு.

வேலை நல்ல வேலை. இங்கே நாங்க லேத்துல கடையற ஷாஃப்டைப் பார்த்தா, நம்ம பேப்பர் ஆலையில கடைஞ்சதெல்லாம் பென்சில்னு தோணும்.

உன்னைக் கேக்காம இந்த வேலைக்குச் சரின்னு சொன்னேன். அது தப்புன்னு போன்லயே ஒத்துக்கிட்டேன். ஆனா ஆலை மூடி எட்டு மாசம் சும்மா உக்காந்திருந்தவன், கூப்பிட்டவங்ககிட்ட "வீட்டில கேட்டுச் சொல்றேன்"னா அவங்க அடுத்தவனைக் கூப்பிட்டிருப்பாங்க.

பதினஞ்சாம் தேதிக்குள்ள கிளம்பி வந்துடுங்க. ரெண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம் இருக்கு. குட்டிக்கு இடம் கேட்டு வெச்சுட்டேன்.

குட்டி அப்பா


ஜூன் 11

குட்டி அப்பாவுக்கு,

லெட்டர் வந்தது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படிக்கிற மாதிரி குட்டிதான் சத்தமாப் படிச்சா, நான் வேலை பார்த்துக்கிட்டே கேட்டேன். உங்க கையெழுத்தைப் படிச்சதுக்கு அவளுக்கு ஏதாவது வாங்கித் தரணும்.

வீடு நல்லாத்தான் இருக்கும் போலிருக்கு. சந்தோஷம். ஆனா பதினஞ்சாம் தேதி வர முடியாது. கோபப்படாம முழுசாப் படிங்க.

போன வாரம் சங்கு அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆலைச் சங்கு ஊதினவர், இப்போ நம்ம காலனிப் பொண்ணுங்க கால்பந்து டீமுக்கு விசில் ஊதிக்கிட்டிருக்கார். கூடவே கம்பவுண்டர், கேன்டீன் அக்கா, இன்னும் நாலு பேர். நம்ம வீட்டில எங்கே அத்தனை நாற்காலி? எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி சுவத்தோரமா நின்னாங்க.

விஷயம் என்னன்னா, கோல் கீப்பரா இருந்த ஃபோர்மேன் மக குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிட்டா. மிச்சம் பன்னெண்டு பொண்ணுங்க. அதுல கை நீளமா இருக்கறது நம்ம வீட்டு ஒட்டடைக்குச்சி ஒன்னுதான். இத்தனை நாள் அவளை ஓரமா உக்கார வெச்சிருந்தாங்க. இப்போ அவ இல்லைன்னா டீமே இல்லையாம்.

நீங்க கேப்பீங்க, டீம் இல்லைன்னா என்ன குடிமுழுகிப் போச்சுன்னு. பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க. பிள்ளைங்க குறைஞ்சு போச்சு, டவுன் பள்ளியோட சேர்த்துடலாம்னு பேச்சு. போன மாசம் பரிசு கொடுக்க வந்த கல்வி அதிகாரி மைக்கைப் பிடிச்சு, "மாநிலப் போட்டி வரைக்கும் போற பள்ளிக்கூடத்தை யாராவது மூடுவாங்களா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். அதைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க. பள்ளிக்கூடமும் போச்சுன்னா மிச்சமிருக்கறவங்களும் கிளம்பிடுவாங்க. இப்பவே பின் வரிசை வீடுங்க முழுக்கக் காலி. சாயங்காலம் எந்த ஜன்னல்ல விளக்கு எரியுதுன்னு பார்த்துத்தான் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறோம்.

இருபதாம் தேதி மேட்ச். அது முடிஞ்சதும் கிளம்பிடறோம். எதிர் டீம் போன வருஷம் கோப்பை வாங்கினவங்க, அதனால நீங்க கவலைப்பட வேண்டாம்.

டீம் ஜெர்ஸி எல்லாம் நம்ம வீட்டில கிடக்கு. இந்த வரிசையில நம்ம குழாயிலதான் இன்னும் தண்ணி ஒழுங்கா வருது. துவைச்சுத் தரேன்னு ஒத்துக்கிட்டேன். துவைக்கிறது மட்டும்தான்.

குட்டி அம்மா


ஜூன் 25

குட்டி அம்மாவுக்கு,

ஜெயிச்சுட்டீங்க. கம்பவுண்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உங்க பொண்ணு ரெண்டு கையாலயும் காலனியைத் தூக்கி நிறுத்திட்டா சார்"னார். அவர் காய்ச்சல் மாத்திரை கொடுக்கும்போதே அப்படித்தான் பேசுவார். இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு. குட்டிகிட்ட சொல்லு.

இப்போ என்ன? அடுத்த மேட்ச் ஜூலை அஞ்சாம் தேதியாமே. அதுக்கப்புறம் வருவீங்களா, இல்லை அதுலயும் ஜெயிச்சா அதுக்கடுத்ததா? இது எங்கே போய் நிக்கும்னு யாராவது யோசிச்சீங்களா? சங்கு அண்ணனை நம்பி இறங்காதே. ஆலைக்கே சங்கு ஊதின மனுஷன் அவர்.

நான் இங்கே சும்மா இல்லை. அடுப்பு வாங்கி மேடையில வெச்சாச்சு. கட்டிலை ஜன்னலோரம் போட்டாச்சு. உன் தையல் மெஷினுக்குப் படிக்கட்டுப் பக்கத்தில ஒரு மூலை ஒதுக்கிட்டேன். குட்டி படிக்க உள் ரூம், விளக்கு கூட மாட்டிட்டேன். எல்லாம் நானே முடிவு பண்ணிச் செஞ்சுட்டேன். நீ வந்து உக்கார வேண்டியதுதான் பாக்கி.

குடும்பம் எப்போ வருதுன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. அடுத்த வாரம்னேன். அடுத்த வாரம் திரும்பக் கேட்டாங்க. இப்போ கேக்கறதில்லை, பார்க்கறதோட சரி. அந்தப் பார்வைக்கு அவங்க கேட்டே இருக்கலாம். கல்யாணமே ஆகாதவன் வாடகைக்கு வீடு பிடிக்கறதுக்காகப் பொய் சொல்லிட்டான்னு நெனைக்கிறாங்களோ என்னவோ.

குட்டிக்கு அடி கிடி படாமப் பார்த்துக்கோ.

குட்டி அப்பா


ஜூலை 8

குட்டி அப்பாவுக்கு,

மறுபடியும் ஜெயிச்சுட்டோம். ஒன்னுக்குப் பூஜ்யம். எப்படி நடந்ததுன்னு சொல்லணும், இல்லைன்னா எனக்குத் தலை வெடிச்சுடும்.

காலையில பஸ் வரலை. டிரைவருக்குப் போன் போட்டா அவன் வேற எங்கேயோ போயிட்டிருக்கான். பொண்ணுங்க எல்லாம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ரோட்டில நிக்கிறாங்க, சங்கு அண்ணன் கையைப் பிசையறார். அந்த நேரத்துக்குக் காலனிக் கடைக்கு ரொட்டி போட வர்ற வேன் வந்துச்சு. நான் குறுக்கே போய் நின்னுட்டேன். எனக்கு எங்கேயிருந்து தைரியம் வந்துச்சுன்னு தெரியலை. "தட்டை எல்லாம் இறக்கு, இவங்களை ஏத்து"ன்னேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. மைதானத்தில இறங்கினப்போ எங்க எல்லார் மேலயும் ரொட்டி வாசனை. எதிர் டீம் பொண்ணுங்க மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

அங்கே போனா இன்னொரு தகராறு. ஜெர்ஸியில நம்பர் அழிஞ்சு போச்சு, விளையாட விட முடியாதுங்கறாங்க. என் கையால துவைச்சுத் துவைச்சு அழிஞ்சது. எனக்குக் கோபம் வந்துடுச்சு. கம்பவுண்டர் பையில இருந்த பிளாஸ்திரியைப் பிடுங்கி ஒவ்வொருத்தி முதுகிலயும் நம்பர் ஒட்டினேன். எட்டுக்குத்தான் ரொம்ப செலவாச்சு. ஒரு அதிகாரி வந்து, "நீங்க யாரும்மா?"ன்னு கேட்டார்.  சங்கு அண்ணன் பின்னாலயிருந்து, "எங்க டீம் மேனேஜர்"னார். அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

குட்டி ரெண்டு பந்தைப் பாய்ஞ்சு பிடிச்சா. ஒன்னு நெஞ்சில பட்டுச்சு, ஒன்னும் ஆகலை. வீட்டில தட்டைக் கழுவுன்னா மூணு தடவை சொல்லணும், அங்கே பின்வரிசைப் பொண்ணுங்களைப் பார்த்து "ஏய், அவளை விடாதே"ன்னு ஒரு அதட்டல் போடறா பாருங்க. யாரோ ஒரு பொண்ணு மாதிரி இருந்தா.

அடுத்தது மண்டல இறுதி ஆட்டம், ஆகஸ்ட் ரெண்டு. அதுல ஜெயிச்சா மாநிலப் போட்டி. இவ்வளவு தூரம் வந்துட்டோம், இது ஒன்னு முடியட்டும்.

குட்டி அம்மா


ஜூலை 15

குட்டி அம்மாவுக்கு,

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில நீ எனக்கு எழுதின நீளமான லெட்டர் இதுதான். அதுல என்னைப் பத்தி ஒரு வரி இல்லை. இன்னொரு தடவை தேடிப் பார்த்தேன். பிளாஸ்திரிக்கு எட்டு வரி இருக்கு. ரொட்டி வேன்காரனுக்கு அதை விட ஜாஸ்தி.

சாப்பிட்டியான்னு கேட்டிருக்கலாம். சாப்பிட்டேன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற விஷயம்.

நீ கேக்காட்டியும் சொல்றேன். அஞ்சாம் தேதி சாயங்காலம் பட்டறை வாசல்ல நின்னு கம்பவுண்டருக்குப் போன் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, நான் மனசுக்குள்ள "தோத்திருக்கணும், தோத்திருக்கணும்"னு சொல்லிக்கிட்டு நிக்கிறேன். அவர் எடுத்து ஜெயிச்சாச்சுன்னு கத்தினார். என் மூஞ்சி தொங்கிப் போச்சு. பக்கத்தில வெல்டர், "யாருக்கு என்னாச்சுண்ணே?"ன்னு கேட்டான். என் பொண்ணு ஜெயிச்சுட்டான்னு எப்படிடா சொல்றது?

ஆகஸ்ட் ரெண்டுலயும் தோக்கணும்னுதான் நெனைக்கிறேன். மறைக்க என்ன இருக்கு? நாலு கோல் வாங்கட்டும், அஞ்சு வாங்கட்டும், அப்போதான் எனக்குக் குடும்பம்னு ஒன்னு வந்து சேரும். போற போக்கைப் பார்த்தா உனக்கு நான் தேவையே இல்லை. முன்னாடி மின்சார பில் கட்டக்கூட "நீங்க போங்க"ன்னு சொன்னவ, இப்போ வேனை மறிக்கிறே. நல்லது. குட்டிக்கு அப்பா வேணுமா பந்து வேணுமான்னு அவளையே கேட்டு எழுது.

குட்டி அப்பா


ஜூலை 21

குட்டி அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வந்தப்போ என் கையெல்லாம் சோப்பு. "பிரிச்சுப் படிடி"ன்னேன். எப்பவும் அவதான் படிப்பான்னு உங்களுக்குத் தெரியும்.

"தோத்திருக்கணும்"கற இடத்தில கொஞ்சம் நிறுத்தினா. நான் திரும்பிப் பார்த்தேன். போதும், வைடின்னேன். வைக்கலை. மிச்சத்தையும் அதே குரல்ல படிச்சா, நாலு கோல், அஞ்சு கோல், எல்லாத்தையும். மடிச்சு அலமாரியில வெச்சா. பிராக்டிஸுக்குப் போயிட்டா.

அன்னிக்கு வந்த பந்தையெல்லாம் விட்டாளாம். சங்கு அண்ணன் வந்து உடம்பு சரியில்லையான்னு கேட்டார். ராத்திரி என்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டா. "நான் வேணும்னே விட்டுடட்டுமாம்மா? எல்லாரும் சண்டை போடாம இருக்கலாம்ல?"

அவளுக்கு வயசு பதினஞ்சு. அவ தலையில காலனி ஏறி உக்காந்திருக்கு, பள்ளிக்கூடம் உக்காந்திருக்கு, நான் உக்காந்திருக்கேன். மிச்சம் இருந்த இடத்தில நீங்களும் ஏறிக்கிட்டீங்க.

மேட்ச் முடியற வரைக்கும் எழுதாதீங்க. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.


ஆகஸ்ட் 5

குட்டி அம்மாவுக்கு,

மேட்ச் முடிஞ்சது, எழுதறேன். இதை நீயே படி. குட்டிகிட்ட அப்புறம் கொடு.

நான் வந்திருந்தேன்.

லீவு கேட்டு, ஒரு ராத்திரி ஒரு பகல் ரயில்ல உக்காந்து, மைதானத்துக்கு வந்து சேர்ந்தப்போ ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சு. உங்க பக்கம் வர்றதுக்குக் கால் எழும்பலை. எந்த முகத்தோட வர்றது? எதிர்ப்பக்கம் போய் நின்னேன். அது முழுக்க எதிர் டீம் அப்பா அம்மாங்க. ஒரு பெரிய மீசைக்காரர் என்னைக் குடைக்குள்ள இழுத்து நிறுத்தினார். "உங்க பொண்ணு எது?"ன்னு கேட்டார். வாயில வந்ததைச் சொன்னேன்: "ஏழாம் நம்பர்."

கொஞ்ச நேரத்தில அந்த ஏழாம் நம்பர் பந்தைக் கொண்டு வந்து குட்டியைத் தாண்டி உள்ளே போட்டுட்டா. மீசைக்காரர் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டார். "உங்க பொண்ணு கோல் போட்டுட்டா சார்!" சுத்தி இருந்தவங்க எல்லாம் என் முதுகில தட்டறாங்க, கை குலுக்கறாங்க. ஒருத்தர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடிச்சேன். எதிர்ல என் பொண்ணு வலைக்குள்ள குனிஞ்சு பந்தை எடுத்துக்கிட்டிருக்கா. நான் கேட்டது நடந்துடுச்சு, கூடவே சோடாவும் கிடைச்சுடுச்சு. அந்த மாதிரி ஒரு சோடாவை நான் குடிச்சதில்லை. 

அப்போதான் உன்னைப் பார்த்தேன். தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, கோட்டோரமா நடந்துக்கிட்டே கத்தறே. "குட்டி, தலையைத் தூக்கு! போனது போச்சு!" அவ்வளவு தூரத்துக்கும் கேட்டுச்சு. நீ அப்படிக் கத்துவேன்னு எனக்குத் தெரியாது. லைன்ஸ்மேன் உன்னைப் பார்த்து ரெண்டடி தள்ளி நின்னார். எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு. கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. ரெண்டையும் யார்கிட்ட சொல்றது?

நீங்க ஒரு கோல் திருப்பிப் போட்டது, பெனால்டிக்குப் போனது எல்லாம் உனக்குத் தெரியும். கடைசி உதை ஏழாம் நம்பர். மீசைக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பயப்படாதீங்க, உங்க பொண்ணு போட்டுடுவா"ங்கறார். குட்டி வலது பக்கம் பாய்ஞ்சா. விரல் நுனியில பட்டு வெளியே போச்சு. நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியலை. திரும்பிப் பார்த்தா குடை கீழே கிடக்கு, நான் குதிச்சுக்கிட்டிருக்கேன், அத்தனை பேரும் என்னையே பார்க்கிறாங்க. மீசைக்காரர் ரொம்ப நிதானமா, "சார், உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"ன்னு கேட்டார். "என் பொண்ணு கோல் கீப்பர்"னேன். அவர் குடையை எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போயிட்டார்.

நீங்க எல்லாரும் குட்டி மேல விழுந்து கட்டிக்கிட்டீங்க. நான் அங்கே வந்திருக்கலாம். வரலை. தோக்கணும்னு எழுதினவன் ஜெயிச்சதும் வந்து நின்னா என்ன மாதிரி இருக்கும்? ரயிலுக்கு நேரமாச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

நான் எழுதினது தப்பு. அதுக்குச் சாக்கு எதுவும் சொல்லலை. மாநிலப் போட்டி முடியட்டும். அதுக்கப்புறம் இன்னொன்னு இருந்தா அதுவும் முடியட்டும்.

குட்டி அப்பா


செப்டம்பர் 3

குட்டி அப்பாவுக்கு,

நீங்க வந்தது குட்டிக்கு அன்னிக்கே தெரியும். கோல் கம்பத்துக்கு நடுவுல நிக்கிறவளுக்கு மைதானம் முழுக்கத் தெரியுமாம். "அப்பா அந்தப் பக்கம் நின்னார்மா, நான் தடுத்ததும் அவர்தான் முதல்ல குதிச்சார்"னா. உங்க லெட்டரைக் கொடுத்தப்புறம்தான் சொன்னா. ஏண்டி முன்னாடியே சொல்லலைன்னு கேட்டேன். "அவரே சொல்றாரான்னு பார்த்தேன்"னா. சோடா கதையை நாலு பேருக்குச் சொல்லியாச்சு. கம்பவுண்டர் கண்ணில தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார்.

மத்த விஷயமெல்லாம் அவ்வளவு சிரிக்கிற மாதிரி இல்லை.

மாநிலப் போட்டியில முதல் ஆட்டத்திலயே தோத்துட்டோம். நாலுக்குப் பூஜ்யம். அந்தப் பொண்ணுங்க ஓடறது வேற மாதிரி. குட்டி நாலு விட்டா, பத்து தடுத்தா. யாரும் அழலை. திரும்பி வரும்போது பஸ்ல எல்லாரும் தூங்கிட்டாங்க.

நாங்க போனது ஜெயிக்கறதுக்கு இல்லை, போனோம்னு ஆகறதுக்குத்தானே. மறுநாள் நானும் சங்கு அண்ணனும் கேன்டீன் அக்காவும் கல்வி ஆபீசுக்குப் போனோம். பழைய அதிகாரி மாத்தலாகிப் போயிட்டார். புது ஆள் சின்னப் பையன், மரியாதையானவன், உக்காருங்கன்னான். நாங்க சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டான். அப்புறம் சொன்னான்: "அம்மா, அவர் கேள்விதானே கேட்டிருக்கார்? மூட மாட்டோம்னு எங்கே சொன்னார்?" சங்கு அண்ணன் எழுந்து நின்னார், திரும்ப உக்காந்தார். மூடறதுன்னு ஆர்டர் போட்டு ஒரு மாசம் ஆச்சாம். நாங்க மண்டல இறுதியில விளையாடறப்போ அந்தக் காகிதம் மேஜை மேலதான் இருந்திருக்கு.

வெளியே வந்தப்புறம் யாரும் யாரையும் திட்டலை. பஸ் ஸ்டாப்புல டீ குடிச்சோம். சங்கு அண்ணன், "பொண்ணுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, மேனேஜர்"னார். சொன்னேன். இப்படித்தான் முடியும்னு ரொம்ப நாளா வாயில வெச்சிருந்ததைத் துப்பின மாதிரி இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டாச்சு. சங்கு அண்ணனுக்கு டவுன்ல ஒரு கிடங்குல வாட்ச்மேன் வேலை கிடைச்சிருக்கு. கேன்டீன் அக்கா மகன் வீட்டுக்குப் போறாங்க.

இப்போ முக்கியமானது. மாநிலப் போட்டிக்கு வந்திருந்த ஒரு கோச் அம்மா குட்டியைப் பார்த்துட்டு, அவங்க விளையாட்டு விடுதியில சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. படிப்பு, தங்கறது, பயிற்சி எல்லாம் அங்கேயே. அது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கற ஊர். குட்டி சரின்னு சொல்லிட்டா. உங்களையும் கேக்கலை, என்னையும் கேக்கலை. சொன்னதுக்கப்புறம்தான் என்கிட்ட சொல்றா. "கேட்டுச் சொல்றேன்னா அவங்க அடுத்த பொண்ணைப் பார்த்திருப்பாங்கம்மா"ன்னா. இந்த நியாயத்தை எங்கேயோ படிச்ச ஞாபகம். உங்க பொண்ணுதான், சந்தேகமே இல்லை.

அப்பா கையெழுத்து வேணும். காகிதம் உள்ளே இருக்கு.

குட்டி அம்மா


செப்டம்பர் 10

குட்டி அம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். இதுலயாவது என் கையெழுத்து செல்லுபடியாகட்டும்.

படிச்சதும் அவளுக்குன்னு மாட்டின விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அவ பிறந்தப்போ கையில வாங்கினது, முதல் நாள் பள்ளிக்கூட வாசல்ல என் சட்டையை விடாம அழுதது எல்லாம் வரிசையா வந்துச்சு. வெல்டர்கிட்ட சொன்னேன். "அண்ணே, நீங்க அங்கேன்னு இழுத்தீங்க, அண்ணி இங்கேன்னு இழுத்தாங்க, அந்தப் பொண்ணு நடுவுல இறங்கிடுச்சு"ன்னான். அவனுக்கு இவ்வளவு புத்தி இருக்கும்னு நான் நெனைக்கலை.

பள்ளிக்கூட விஷயம் கேட்டு மனசு ஆறலை. மூணு மாசம் முன்னாடின்னா, அப்பவே சொன்னேன் பார்த்தியான்னு எழுதியிருப்பேன். எழுதத் தோணலை. நீங்க பட்ட பாட்டை நான் கண்ணால பார்த்துட்டேன்.

விடுதியில ஞாயித்துக்கிழமை பார்க்க விடுவாங்களாமே. எனக்கு அது ஒரு ராத்திரிப் பயணம்தான். மாசம் ஒரு தடவை போறேன்னு அவகிட்ட சொல்லு. கத்த மாட்டேன்னும் சொல்லு.

குட்டியும் போயிட்டா அந்தக் காலியான வரிசையில தனியா எப்படித் தூங்குவே? கதவுத் தாழ்ப்பாள் மேல்பக்கம் ஆடும், சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி வெச்சுக்கோ. கம்பவுண்டர் வீட்டில இன்னும் விளக்கு எரியுதா? சாப்பிட்டியா? நான் நல்லா இருக்கேன். ஷாஃப்ட் கடையறப்போ ஒரு இரும்புச் சீவல் தெறிச்சு முழங்கையில சின்னக் காயம், ஆறிடுச்சு.

குட்டி அப்பா


செப்டம்பர் 19

குட்டி அப்பாவுக்கு,

குட்டியை விடுதியில விட்டுட்டு வந்தேன். எட்டுக் கட்டில் போட்ட நீள ரூம். போய் அஞ்சு நிமிஷத்தில பக்கத்துக் கட்டில் பொண்ணோட சிரிச்சுப் பேச ஆரம்பிச்சுட்டா. நான் கிளம்பறேன்னதும் வாசல் வரைக்கும் வந்தா, என் புடவைத் தலைப்பைப் பிடிச்சா, விட்டா. "போம்மா, பஸ் போயிடும்"னா. பஸ்ல வர்றப்போ ஜன்னல் பக்கமாத் திரும்பியே உக்காந்திருந்தேன்.

கிளம்பற அவசரத்தில உங்க உறையிலிருந்து கையெழுத்துக் காகிதத்தை மட்டும் எடுத்தோம், லெட்டரைத் திரும்பி வந்து நானே படிச்சேன், படிச்சுக் காட்ட ஆள் இல்லை. முழுசும் முடிச்சுட்டு, மறுபடி மேலேயிருந்து பார்த்தேன். இந்தத் தடவை எப்போ வர்றேன்னு நீங்க கேக்கலை. கேப்பீங்க, கோபமா ஒரு பதில் எழுதலாம்னு வார்த்தையெல்லாம் சேர்த்து வெச்சிருந்தேன்.

டவுன் பள்ளியில கூப்பிட்டாங்க. அங்கே பொண்ணுங்க டீமைப் பார்த்துக்க ஆள் வேணுமாம். ரெண்டு நாள் யோசிச்சேன். உங்ககிட்ட மறைக்கலை, ஆசையாத்தான் இருந்துச்சு. கேன்டீன் அக்கா, "போடி, இங்கே யாரு இருக்கா?"ன்னாங்க. டவுன்ல அறை பார்த்துத் தங்கலாம், தங்க முடியும். இப்போ எனக்கு எங்கே வேணும்னாலும் இருக்க முடியும்னு தெரியும். அப்படித் தெரிஞ்சதுக்கப்புறம் யோசிச்சுப் பார்த்தா, உங்க கூட இருக்கலாம்னுதான் தோணுது. யாரும் இதை எனக்கு முடிவு பண்ணித் தரலை.

ஆனா வந்து அந்த மாடியில சும்மா உக்காந்திருக்க என்னால முடியாது. வேலை தேடுவேன். என்ன வேலைன்னு இப்போ தெரியலை. நாலு பேரோட பேசற வேலையா இருந்தா நல்லது. தையல் மெஷினைக் கம்பவுண்டர் சம்சாரத்துகிட்ட கொடுத்துட்டேன். முன்கூட்டியே சொல்லிடறேன், அப்புறம் முகம் சுளிக்கக் கூடாது.

அடுத்த வியாழக்கிழமை காலையில வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பறேன். வெள்ளிக்கிழமை காலையில வண்டி வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். விலாசம் இருக்கு, வாயும் இருக்கு. கேட்டு வந்துடுவேன்.

குட்டி அம்மா


செப்டம்பர் 26, வெள்ளி
(மாடிக் கதவில் ஒட்டியிருந்தது)

குட்டி அம்மாவுக்கு,

இன்னிக்கு எனக்கு முதல் ஷிப்ட். மாத்திக் கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்னு நீ எழுதலைன்னா எப்படியாவது ஓடி வந்திருப்பேன். எழுதிட்டே, அதனால வரலை.

சாவி கீழே வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கு. அவங்க உன்னை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்ப்பாங்க, பார்த்துட்டுப் போகட்டும். பால் காய்ச்சி மூடி வெச்சிருக்கேன்.

உள்ளே போனதும் பயந்துடாதே. நேத்து ராத்திரி வெல்டரைக் கூப்பிட்டு, நான் போட்டு வெச்சிருந்ததை எல்லாம் பிரிச்சு நடு ரூமுக்குக் கொண்டு வந்துட்டேன். கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் அங்கேதான் குவிஞ்சு கிடக்கு. எது எங்கே இருக்கணும்னு நீ சொல்லு. தனியா எதையும் தூக்காதே, முதுகு பிடிச்சுக்கும். நாலு மணிக்கு வந்துடுவேன், ரெண்டு பேருமா நகர்த்தலாம்.